கெமிக்கல் பீல் பண்ணப் போறீங்களா? முதல்ல இந்த மலை வெயில் கதையைக் கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஸ்டுடியோ கிடையாது. சேர்வராயன் மலையில, செம்மநத்தத்துல, எங்க அம்மாயி வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். நடுவுல சேவல் கூவினா அது எடிட்டிங் தப்பு இல்லை, நிஜமாவே சேவல்தான்.

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அக்கா பொண்ணு. பன்னிரண்டாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துல பிரிவு விழா வருது. நேத்து ராத்திரி போனை எடுத்துட்டு வந்து ஒரு ரீல் காட்டினா. ஒரு பொண்ணு முகத்துல எதையோ தடவுறாங்க, அடுத்த காட்சியில முகம் கண்ணாடி மாதிரி மின்னுது. "சித்தி, நீகூட ஒரு தடவை இதைப் பண்ணினியே, தோல் உரிஞ்சுதே, அதை எனக்கும் பண்ணி விடேன். நானும் கொஞ்சம் வெள்ளையாயிடுவேன்ல?"

இந்தக் கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, இதைப் பண்ணலாமா. இன்னொண்ணு, பண்ணினா வெள்ளையாவோமா. ரெண்டாவதுக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம்: மாட்டோம். முதல் கேள்விக்குத்தான் இந்த முழு எபிசோடும். நான் ஏமாந்த கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு என்ன ஆச்சு

மூணு வருஷத்துக்கு முன்னாடி, தை மாசம், மாமா பையன் கல்யாணம். கல்யாணத்துக்கு அஞ்சு நாள் இருக்கும்போது சேலத்துல ஒரு பார்லருக்குப் போனேன். த்ரெட்டிங் பண்ணினாங்க. மேலுதட்டுக்கு வேக்ஸ். அப்புறம், "ஆஃபர் இருக்கு மேடம், ஃப்ரூட் பீல் பண்ணிக்கோங்க, கல்யாணத்துக்கு முகம் பளிச்சுனு இருக்கும்"னு சொன்னாங்க. சரின்னுட்டேன். என்ன ஆசிட், எத்தனை சதவீதம்னு நானும் கேட்கலை, அவங்களும் சொல்லலை. பாட்டில்ல இருந்த பழத்தோட படத்தைப் பார்த்து நம்பினேன், அவ்வளவுதான்.

எரிஞ்சுது. "அப்படித்தான் இருக்கும்"னாங்க. கழுவிட்டு வெளியே வந்தப்ப முகம் லேசா சிவந்திருந்தது, தொட்டுப் பார்த்தா வழவழன்னு இருந்தது. சந்தோஷமா பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து மலைக்கு வந்து சேர்ந்தேன்.

அது காப்பி அறுவடை முடியற சமயம். மறுநாள் களத்துல காப்பிக்கொட்டை காயுது. நானும் போய்க் கிளறி விட்டேன். குளிர்காத்து, கையில ஸ்வெட்டர். வெயில் உறைக்கவே இல்லை. அம்மாயி தலையில துண்டைப் போட்டு முகத்தையும் பாதி மூடியிருந்தாங்க. "ஏண்டி, முக்காடு போட்டுக்கிட்டு நில்லு"ன்னாங்க. குளிருதே அம்மாயி, வெயில் எங்க இருக்குன்னு நான் சிரிச்சேன். ரெண்டு நாள் அப்படியே போச்சு.

கல்யாணத்தன்னிக்குக் காலையில கண்ணாடியில பார்த்தா, ரெண்டு கன்ன எலும்பு மேலயும், மேலுதட்டு மேலயும் காப்பிக் கறை மாதிரி பழுப்புத் திட்டு. போட்டோக்காரர் விளக்கு வெளிச்சத்துல இன்னும் கூடுதலாத் தெரிஞ்சுது. அந்தத் திட்டு முழுசா மறைய எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசமும் நான் ஆபீஸ் வீடியோ மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணியே வச்சிருந்தேன்.

அப்புறம் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "என்ன பீல் பண்ணினாங்க?" எனக்குப் பதில் தெரியலை. ரெண்டாவது கேள்வி, "பண்ணின அடுத்த வாரம் எங்க இருந்தீங்க?" அந்த ரெண்டாவது கேள்விதான் இன்னைக்கு விஷயம்.

முகத்துல எதை எடுக்கறாங்க?

நம்ம தோலோட மேலடுக்குக்குக் கீழ்ப்பகுதியில புது செல்கள் உருவாகிக்கிட்டே இருக்கும். அது மெல்ல மேல ஏறி, வழியிலேயே செத்து, தட்டையாகி, கடைசியில உதிர்ந்துடும். இளம் வயசுல இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். வயசு ஏற ஏற இன்னும் மெதுவாகும். மேல இருக்கிற செத்த செல்கள் சுமார் 15, 20 அடுக்கா, ஓடு வேய்ஞ்ச கூரை மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும்.

இது வீணான குப்பை இல்லைங்கிறதை முதல்ல மனசுல வச்சுக்கோங்க. ஈரத்தை உள்ளே பிடிச்சு வைக்கறதும், கிருமியை வெளியே நிறுத்தறதும் இதே கூரைதான். ஆனா சில இடத்துல இது சீரா உதிராம தேங்கிடும். அப்ப தோல் சொரசொரன்னு இருக்கும், வெளிச்சம் பட்டா சிதறிப்போய் முகம் மங்கலாத் தெரியும். அந்தத் தேக்கத்தை எடுத்து மேற்பரப்பைச் சமப்படுத்தினா வெளிச்சம் சீராத் திரும்பும். நாம 'பளிச்'னு சொல்றது இதைத்தான். தோலோட நிறத்தைத் தீர்மானிக்கிற மெலனின் அளவு உங்க பரம்பரையோடது. அதை எந்தப் பீலும் மாத்தாது.

இந்த வேலையை நம்ம வீட்டுலயும் காலங்காலமாப் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம். பயத்தம் மாவு, நலங்கு மாவு எல்லாம் லேசாத் தேய்ச்சு எடுக்கிற முறை. தயிர்ல இருக்கிற லாக்டிக் ஆசிட், கரும்புல இருந்து கிடைக்கிற கிளைகாலிக் ஆசிட், ரெண்டுமே இன்னைக்கு கிளினிக் பாட்டில்ல இருக்கிற பேர்கள்தான். ஆனா பேர் ஒண்ணா இருக்கிறதால ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. வீரியத்துல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கிளினிக்ல நாலு வழி

முதல் வழி, கெமிக்கல் பீல். செத்த செல்களை ஒட்டி வச்சிருக்கிற பிணைப்பை ஆசிட் தளர்த்தி விடும். இது புது விஷயம் இல்லை. 1882லயே ஜெர்மனியைச் சேர்ந்த பால் உன்னாங்கிற தோல் மருத்துவர் சாலிசிலிக் ஆசிட், ஃபீனால் போன்றவை தோல்ல எப்படி வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கார். 1974ல அமெரிக்காவுல யூஜின் வான் ஸ்காட், ரூயி யூன்னு ரெண்டு பேர், மீன் செதில் மாதிரி தோல் தடிக்கிற ஒரு நோய்க்கு கிளைகாலிக் ஆசிட் வகையறா பயன்படுதுன்னு காட்டினாங்க. அழகு கிரீம்களுக்குள்ள இந்த ஆசிட்கள் நுழைஞ்சது அதுக்கு அப்புறம்தான்.

ஒவ்வொரு ஆசிடுக்கும் ஒரு குணம் உண்டு. கிளைகாலிக் ரொம்பச் சின்ன மூலக்கூறு, அதனால வேகமா உள்ளே போகும். லாக்டிக் கொஞ்சம் சாது. மாண்டெலிக் பெரிய மூலக்கூறு, மெதுவாத்தான் போகும், அதனால மாநிற, கருநிறத் தோலுக்கு அதைப் பல மருத்துவர்கள் விரும்பறாங்க. சாலிசிலிக் எண்ணெயில கரையும், துளைக்குள்ள போகும், அதனால பரு இருக்கிறவங்களுக்கு ஏத்தது. இன்னொரு முக்கியமான விஷயம்: கிளைகாலிக் பீலை நேரம் பார்த்துச் செயலிழக்க வைக்கணும், இல்லேன்னா அது வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். கடிகாரத்தையும் உங்க முகத்தையும் மாறி மாறிப் பார்க்க ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும். போட்டுட்டு அடுத்த கஸ்டமரைக் கவனிக்கப் போறாங்கன்னா, நீங்க தப்பான இடத்துல படுத்திருக்கீங்க.

ரெண்டாவது, மைக்ரோடெர்மாப்ரேஷன். நுண்ணிய துகளைத் தோல்மேல அடிச்சு, கூடவே உறிஞ்சி எடுப்பாங்க. இப்ப பல இடத்துல துகளுக்குப் பதிலா வைரத்தூள் பதிச்ச முனை. அந்தத் துகள் என்ன தெரியுமா? அலுமினியம் ஆக்சைடு. எங்க மலைக்காரங்களுக்கு இது பழைய சொந்தம். ஒரு காலத்துல இந்தச் சேர்வராயன் மலையில வெட்டி எடுத்த பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போச்சு. பாக்சைட்டைச் சுத்திகரிச்சா கிடைக்கிறது அதே அலுமினியம் ஆக்சைடுதான். வைரத்துக்கு அடுத்தபடியா உறுதியான பொருள்கள்ல அதுவும் ஒண்ணு. உப்புத்தாள்லகூட அதான் இருக்கு. அப்ப அழுத்தம் கூடினா முகம் என்னாகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மூணாவது, ஹைட்ரா ஃபேஷியல். தண்ணியோட லேசான ஆசிடைச் சுழற்றி விட்டு, அழுக்கை உறிஞ்சி, சீரம் போடற மெஷின். நாலுல இதுதான் மிருதுவானது. பண்ணின அன்னிக்கே முகம் தெளிவாத் தெரியும். அந்தப் பொலிவு சில நாள், சில வாரம். குழி விழுந்த தழும்பை இது சரி பண்ணாது.

நாலாவது, டெர்மாபிளேனிங். அறுவைச் சிகிச்சை பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சு, பூனை முடியையும் செத்த செல்லையும் சேர்த்துச் சுரண்டி எடுக்கறது. முடி தடிமனா முளைக்கும்னு பயப்பட வேண்டாம், அப்படி நடக்காது. முனை வெட்டுப்பட்டு வர்றதால அப்படித் தோணும். ஆனா முகத்துல சீழ்ப்பரு இருந்தா பிளேடுக்கு அங்க வேலையே இல்லை.

நம்ம தோலுக்கு ஏன் கூடுதல் கவனம்?

நாலு முறையிலயும் நடக்கறது ஒண்ணுதான்: கணக்குப் பார்த்து ஒரு சின்னக் காயத்தை உண்டாக்கறாங்க. உடம்பு அதை ஆத்தும்போது புதுசா, சீரா ஒரு மேற்பரப்பு வரும். அந்தக் கணக்கு தப்பினா என்ன ஆகுங்கிறதுதான் தோலுக்குத் தோல் மாறும்.

ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975ல ஒரு அளவுகோல் கொண்டு வந்தார். வெயில் பட்டா சிவக்குமா, கறுக்குமான்னு பார்த்துத் தோலை வகை பிரிக்கிறது. முதல்ல வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான், நாலே வகை. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அஞ்சு, ஆறுன்னு எண் கிடைச்சது அதுக்கு அப்புறம்தான். நம்ம ஆளுங்க பெரும்பாலும் நாலுல இருந்து ஆறுக்குள்ள வருவோம்.

இந்த வகைத் தோலுக்கு வெயிலைத் தாங்கற சக்தி அதிகம். அதே சமயம், எரிச்சலோ காயமோ பட்டா நிறமிச் செல்கள் சட்டுன்னு உசுப்பேறி மெலனினைக் கொட்டிடும். கொசு கடிச்ச இடம், பரு இருந்த இடம் மாசக்கணக்குல கறுப்பாவே இருக்கே, அதே கதைதான். அந்த மெலனின் மேலடுக்குலயே இருந்தா சில மாசத்துல போகும். உள்ளடுக்குக்கு இறங்கிட்டா வருஷம்கூட ஆகும். ஆக, கறையைப் போக்கப் போய் புதுக் கறையோட வர்ற வாய்ப்பு நமக்கு அதிகம்.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கத்தோட 2008 வழிகாட்டுதல்ல, ஆழமான பீல் இந்தியத் தோலுக்குப் பரிந்துரைக்கப்படலைன்னு நேராவே சொல்லியிருக்காங்க. மேலோட்டமான பீலை, ரெண்டு மூணு வார இடைவெளி விட்டு, பல தடவையாப் பண்றதுதான் நமக்கான பாதை. ஒரே தடவையில முகத்தை மாத்தறேன்னு யாராவது சொன்னா சந்தேகப்படுங்க.

அந்த அடுத்த வாரம்

இப்ப என் களத்துக்கதைக்குத் திரும்பலாம். கூரை ஓட்டுல கொஞ்சத்தை எடுத்திருக்கோம், உள்ளே வெயில் கூடுதலா இறங்கும். கிளைகாலிக் மாதிரி ஆசிட் போட்ட தோல் புற ஊதாக்கதிருக்குக் கூடுதலாப் பாதிக்கப்படும், நிறுத்தின பிறகும் பழைய நிலைக்கு வர ஒரு வாரம் போல ஆகும். அமெரிக்காவோட உணவு, மருந்து நிர்வாகம் இதனாலதான் இந்த வகைக் கிரீம்கள்ல வெயில் எச்சரிக்கை போடச் சொல்லுது.

நான் பண்ணின முட்டாள்தனம், குளிரை வச்சு வெயிலை அளந்தது. சூடு வேற, புற ஊதாக்கதிர் வேற. கடல் மட்டத்துல இருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, சேலத்தைவிட வீரியமான கதிருக்குப் புதுத்தோலைக் காட்டிக்கிட்டு நின்னிருக்கேன். மேகம் காப்பாத்தும்னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு தகவல்: லேசான மேகம்னா அந்தக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் ஊடுருவி வந்துடும். ஏற்காட்டுக்கு வார இறுதி ட்ரிப் போற சென்னை, பெங்களூரு மக்களே, இது உங்களுக்கும்தான்.

போதாததுக்கு த்ரெட்டிங், வேக்ஸ், பீல் மூணும் ஒரே நாள். மேலுதட்டுல திட்டு ஏன் வந்துதுன்னு இப்பப் புரியுதா? வேக்ஸே ஒரு அடுக்கை எடுத்திருக்கு, அதுக்கு மேல ஆசிட்.

போறதுக்கு முன்னாடி, வந்ததுக்கு அப்புறம்

அந்தத் திட்டு மறைஞ்ச பிறகு, அதே மருத்துவர்கிட்ட முறையா மாண்டெலிக் பீல் பண்ணினேன். பரு வந்து போன வடு மங்கிச்சு, தாடைப்பக்கம் இருந்த சொரசொரப்பு போச்சு. அதனால நான் பீலுக்கு எதிரி கிடையாது. என்ன வித்தியாசமா நடந்ததுன்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல ரெண்டு வாரம் தோலைத் தயார்படுத்தினாங்க. தினமும் சன்ஸ்க்ரீன், அவங்க கொடுத்த கிரீம். ரெட்டினால் கிரீமைச் சில நாள் முன்னாடியே நிறுத்தச் சொன்னாங்க. ஒரு பட்டியல் கேள்வி கேட்டாங்க: பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடறீங்களா? உதட்டுல அக்கி வந்திருக்கா? ஆஸ்பிரின் அலர்ஜி உண்டா? கர்ப்பமா? கடையில கிடைக்கிற சிவப்பழகு கிரீம் ஏதாவது போடறீங்களா? கடைசிக் கேள்வி ஏன்னா, அந்த மாதிரி சில கிரீம்கள்ல ஸ்டீராய்டு கலந்திருக்கும், தோல் ஏற்கெனவே மெலிஞ்சு போயிருக்கும். காதுக்குப் பின்னாடி ஒரு துளி போட்டுப் பார்த்தாங்க. ஒரு மாசத்துக்குள்ள விசேஷம் எதுவும் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் தேதியே கொடுத்தாங்க.

நீங்க கேட்க வேண்டியது மூணு. என்ன ஆசிட், எத்தனை சதவீதம், பி.எச். எவ்வளவு? யார் போடப்போறாங்க? ஏதாவது ஆனா யாரைப் பார்க்கணும்? பி.எச். ஏன்னா, அது குறையக் குறைய ஆசிடோட வீரியம் கூடும். அமெரிக்க அழகுப்பொருள் நிபுணர் குழு ஒண்ணு வச்ச வரம்பைச் சொல்றேன்: கிளைகாலிக், லாக்டிக் வகை ஆசிட் வீட்டுக் கிரீம்ல 10 சதவீதத்துக்கு மிகாம, பி.எச். 3.5க்குக் குறையாம, பயிற்சி பெற்றவங்க சலூன்ல போடறதுக்கு 30 சதவீதத்துக்கு மிகாம, பி.எச். 3க்குக் குறையாம. அதுக்கு மேல போறது மருத்துவரோட வேலை. ஆன்லைன்ல 70 சதவீத பாட்டில் வாங்கி பாத்ரூம்ல போடறவங்க இருக்காங்க. 2024 ஜூலையில அமெரிக்க நிர்வாகம் இதைப் பத்தியே தனியா எச்சரிக்கை விட்டுது, தீக்காயம் மாதிரி ஆகி, நிரந்தரத் தழும்பு வரைக்கும் போகலாம்னு.

பண்ணின பிறகு: மிருதுவான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். இந்த மூணு போதும். ஸ்க்ரப், எலுமிச்சை, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். காப்பி விளையற ஊர்ல உட்கார்ந்து சொல்றேன், அதைக் குடிங்க. உரியற தோலைப் பிய்க்காதீங்க, அதுவா விழட்டும். சன்ஸ்க்ரீன் எஸ்.பி.எஃப். 30க்கு மேல, ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்து முழுக்க, வெளியே இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கொப்புளமோ, சீழோ, நாளுக்கு நாள் கூடற எரிச்சலோ வந்தா, யூடியூப் பார்க்காம மருத்துவரைப் பாருங்க.

அவளுக்கு என்ன சொன்னேன்?

இது எல்லாத்தையும் நேத்து ராத்திரி அக்கா பொண்ணுகிட்ட சொன்னேன். அவ முகத்துல நாலஞ்சு பரு இருக்கு, பதினேழு வயசுல அது இல்லாம எப்படி? அவ செல்கள் தானாவே நாலு வாரத்துல மாறிக்கிட்டுத்தான் இருக்கு. இப்போதைக்கு யாரும் அதை உரிக்க வேண்டிய அவசியம் இல்லை. பரு தொந்தரவு பண்ணினா பரீட்சை முடிஞ்சதும் மருத்துவர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.

"அப்ப வெள்ளையாக முடியாதா?"ன்னு மறுபடியும் கேட்டா. ஒரு பிரபல கிரீம் கம்பெனி 2020ல தன் பேர்ல இருந்து 'ஃபேர்'ங்கிற வார்த்தையையே எடுத்துட்டு 'குளோ'ன்னு மாத்திக்கிச்சு, நீ இன்னும் அதே இடத்துல நிக்கிறியேன்னேன். சிரிக்கலை. "உன் கூடப் படிக்கிறவளுக யாரும் என்னை மாதிரி கறுப்பா இருந்திருக்க மாட்டாங்க சித்தி"ன்னா. அதுக்கு என்கிட்ட அறிவியல் பதில் எதுவும் இல்லை. என் பழைய பள்ளிக்கூடப் போட்டோவை எடுத்துக் காட்டினேன். மூணாவது வரிசையில நிக்கிற என்னை அவளால கண்டுபிடிக்கவே முடியலை, ஏன்னா அந்த வரிசையில எல்லாரும் ஒரே நிறம். கொஞ்ச நேரம் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துட்டே இருந்தா.

காலையில களத்துக்குப் போகும்போது என் பையில இருந்த சன்ஸ்க்ரீனை எடுத்து ரெண்டு விரல் நீளத்துக்கு அளந்து போட்டுக்கிட்டா. அம்மாயி அவ தலையில ஒரு துண்டையும் போட்டு விட்டாங்க. என் தலையிலயும்தான்.

உங்க பீல் அனுபவம், நல்லதோ கெட்டதோ, குரல் பதிவா அனுப்புங்க, இன்னொரு எபிசோடுல பேசலாம். பார்லர் பேர் மட்டும் வேண்டாம். சேவல் ரொம்ப நேரமாப் பொறுமையா இருக்கு, நான் கிளம்பறேன்.